மின்ட் 22 போட்டதும் 1024-ல் நின்றுபோன திரை: மார்த்தாண்டத்து சர்வீஸ் கடை பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிற பழைய டெஸ்க்டாப்பை விடாமல் வைத்துக்கொண்டிருக்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்காக எழுதுவது. விண்டோஸ் போட்டுத்தர ஆள் வேண்டுமென்றால் நாகர்கோவிலில் வடசேரியிலிருந்து செட்டிகுளம் வரை தடுக்கி விழுந்தால் ஒரு கடை இருக்கிறது, அதற்காக மார்த்தாண்டம் வரை வந்து நெரிசலில் நிற்க வேண்டாம். ஆனால் லினக்ஸில் அப்கிரேடு முடிந்தபிறகு திரை சரியாக வரவில்லை, ரெசல்யூஷன் (திரையில் குறுக்கே எத்தனை புள்ளி என்ற கணக்கு) 1024-ஐத் தாண்ட மாட்டேனென்கிறது, செட்டிங்கில் பெரிய அளவே காட்டவில்லை என்று மாட்டிக்கொண்டவர்கள் தாராளமாக இங்கே போகலாம். நான் போனேன், வேலை முடிந்தது, டிஸ்கில் ஒரு ஃபைல்கூட அழியவில்லை, மொத்தச் செலவும் 500 ரூபாயைத் தாண்டவில்லை.

கடை மார்த்தாண்டத்தில், மேம்பாலத்துக்குக் கீழே போகிற பழைய ரோட்டை ஒட்டி, ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. பலகையில் ‘கம்ப்யூட்டர் சர்வீஸ்’ என்று மட்டும்தான் எழுதியிருக்கும், பெயரே கிடையாது, அதனால் பெயர் கேட்டு யாரும் கமென்டில் வராதீர்கள். நாகர்கோவில், தக்கலை பக்கமிருந்து வண்டியில் வருகிறவர்கள் பம்மத்தில் மேம்பாலத்தில் ஏறிவிடக் கூடாது, ஏறினால் மார்த்தாண்டத்தைத் தலைக்கு மேலாகத் தாண்டி வெட்டுமணியில்தான் இறங்குவீர்கள், அப்புறம் கீழ் ரோட்டில் திரும்பி வரவே தனி நேரம் வேண்டும். காரை நிறுத்த இடமில்லை. சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்கார ஒரு ஆளைக் கூட்டிப்போவது நல்லது.

நான் கருங்கலில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், குருசடித் திருவிழா நோட்டீஸ், நினைவஞ்சலி, இதுதான் பிழைப்பு. எல்லாம் இன்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் என்ற இலவச டிசைன் மென்பொருள்களில்தான். மெஷின் மூன்றாம் தலைமுறை ஐ3, எட்டு ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. இதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, மைக்ரோசாஃப்ட் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. நல்லா ஓடுகிற மெஷினைக் காயலான் கடைக்குக் கொடுக்க மனசில்லாதவனுக்கு லினக்ஸை விட்டால் வேறு கதியில்லை, அது ஒன்றும் குறையும் இல்லை.

இதுவரை ஓடியது லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட், அதன் 20-ம் பதிப்பு. அதன் ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்தது. 22-க்குப் போனால் 2029 வரை கவலையில்லை. ஆனால் 20-லிருந்து 22-க்கு நேரே தாவ முடியாது, இடையில் 21-ஐ ஏற்றி, 21.3 வரை வந்து, அங்கிருந்துதான் 22-க்குப் போக வேண்டும். அவ்வளவு சுற்றுக்கு எனக்குப் பொறுமை இல்லை. என் ஃபைல்கள் இருக்கும் ஹோம் பார்ட்டிஷனைத் தொடாமல், சிஸ்டம் இருக்கும் ரூட்டை மட்டும் ஃபார்மட் செய்து 22-ஐப் புதிதாகப் போட்டேன். ஃபான்ட் எல்லாம் இருந்தது, பழைய பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் இருந்தது, பிரிண்டர்கூடத் தானே வந்து நின்றது. திரை மட்டும் 1024×768.

22 இன்ச் அகலத் திரையில் 1024×768 வந்தால் எப்படி இருக்கும் என்று டிடிபி வேலை பார்க்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்குக்கு மூன்று என்ற படத்தைப் பதினாறுக்கு ஒன்பது என்ற சட்டத்தில் இழுத்து ஒட்டினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பத்திரிகையில் போடும் மோதிரம் கோழிமுட்டையாகத் தெரிந்தது. மணப்பெண் போட்டோவைத் திறந்தால் கன்னம் இரண்டு பக்கமும் உப்பி நின்றது, அதைப் பார்த்துக்கொண்டே லேஅவுட் செய்தால் பிரிண்டில் எது நேராக வரும், எது வராது என்று கண்ணால் சொல்லவே முடியாது. டிஸ்ப்ளே செட்டிங்கைத் திறந்தால் 1024, 800, 640 என்று சில வரிதான், 1920×1080 என்ற வரியே இல்லை.

இதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருந்தேன், பெயர் வேண்டாம். சிபியுவை மட்டும் கேட்டார்கள், கொடுத்தேன். அவர்களுடைய மானிட்டரில், அவர்களுடைய கேபிளில் மாட்டிப் பார்த்தால் 1920 அழகாக வந்தது. ‘சிஸ்டத்துல பிராப்ளம் இல்ல, உங்க மானிட்டர் போயிருச்சு, புதுசு எடுத்துக்குங்க’ என்றார்கள். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை, ‘லினக்ஸ்ல இதெல்லாம் இப்படித்தான் சார், விண்டோஸ் போட்டுத் தர்றோம், டேட்டா பேக்கப்புக்குத் தனி சார்ஜ்’ என்று ஒரு உபதேசம் வேறு. மானிட்டர் போய்விட்டது என்றால் விண்டோஸ் எதற்கு, விண்டோஸ் போட்டால் சரியாகும் என்றால் புது மானிட்டர் எதற்கு? இந்தக் கேள்விக்கு அங்கே பதில் இல்லை. சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்த்தாண்டத்துக் கடையைச் சொன்னது குழித்துறையில் ஒரு பிரஸ்காரர். போன் செய்தேன், எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் விஷயத்தை எழுதினேன், ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது: “சிபியு மட்டும் கொண்டு வராத மக்களே. வீட்டுல மானிட்டர்ல எந்த கேபிள் மாட்டியிருக்கியோ அந்த கேபிளையும் கொண்டுட்டு வா. முடிஞ்சா மானிட்டரையும்.” எனக்கு நம்பிக்கை வந்தது இந்த ஒரு வரியில்தான். நாகர்கோவில் கடையில் கேபிளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடையில் இருப்பது ஒரு அண்ணன், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். லினக்ஸை எங்கே படித்தார் என்று கேட்டால் சிரிப்பார். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், அங்கே அரசுப் பள்ளிகளில் பல வருடமாக லினக்ஸ்தான், இப்போது கைட் குனு/லினக்ஸ் என்று உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துச் செய்த ஒன்று ஓடுகிறது. பாறசாலை பக்கத்துப் பள்ளிக்கூடங்களின் லேபுகளில் சர்வீஸ் பார்த்துப் பார்த்துக் கை பழகியவர் இவர். நம் பக்கத்தில் 2011-ல் விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு, இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய போஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது, ஆனால் வாங்கின பிள்ளைகளில் பாதிப் பேர் முதல் வேலையாக அதைத்தான் அழித்தார்கள். எல்லை தாண்டினால் பிள்ளைகள் அதில்தான் பாடம் படிக்கிறார்கள். சரி, அது வேறு கதை.

மேசை சின்னது. ஒரு பழைய சதுர மானிட்டர், ஒரு அகல மானிட்டர், சுவரில் ஆணி அடித்து வகைவகையாகத் தொங்கவிட்ட கேபிள்கள், ஒரு மல்டிமீட்டர். ஸ்க்ரூடிரைவர் மேசையிலேயே இல்லை, டிராயரில் இருந்தது. என் சிபியுவையும் மானிட்டரையும் என் கேபிளாலேயே இணைத்து ஆன் செய்தார். மோதிரம் முட்டையாக வந்தது. ‘எப்ப இருந்து?’ என்று கேட்டார், 22 போட்டதிலிருந்து என்றேன். ‘அதுக்கு முந்தி ஒருநாளும் இல்லியா?’ இல்லை என்றேன். தலையாட்டினார்.

முதலில் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் எந்தெந்த வார்த்தையோடு பூட் ஆகியிருக்கிறது என்று பார்த்தார். இன்ஸ்டால் செய்யும்போது திரை வராவிட்டால் பலர் நோமோட்செட் என்ற வார்த்தையைச் சேர்ப்பார்கள், அப்புறம் எடுக்க மறந்துவிடுவார்கள், அது இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் விழிக்கவே விழிக்காது, திரை சின்ன அளவிலேயே நின்றுவிடும். என்னுடையதில் அது இல்லை. அப்புறம் மெஷினின் விவரங்களைக் காட்டும் இன்க்ஸி கட்டளையில் கிராபிக்ஸ் பகுதியை மட்டும் எடுத்துப் பார்த்தார். இன்டெல் என்றே இருந்தது. அங்கே எல்எல்விஎம்பைப் என்று வந்திருந்தால் கிராபிக்ஸ் சிப்பை விட்டுவிட்டு பிராசஸரே படம் வரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம், அப்போது தேட வேண்டிய இடமே வேறு. இது இரண்டும் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது.

அடுத்து அவருடைய பென்டிரைவிலிருந்து மின்ட் 22-ஐ லைவாக ஏற்றினார், என் டிஸ்கைத் தொடவே இல்லை. அதிலும் 1024. “உனக்க செட்டிங்கு காரணம் இல்ல, கேட்டியா” என்றார். பூட் ஆன நிலையிலேயே என் கேபிளைக் கழற்றி, சுவரிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினார். திரை ஒரு முறை கறுத்துத் திரும்பி வந்தபோது 1920×1080. மானிட்டர் என்னுடையதுதான், நாகர்கோவிலில் செத்துப்போய்விட்டதாகச் சொன்ன அதே மானிட்டர்.

இங்கேயே நிறுத்தி, ‘கேபிள் மாத்தியாச்சு, காசு கொடு’ என்று சொல்லியிருந்தாலும் நான் சந்தோஷமாகப் போயிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. மல்டிமீட்டரை எடுத்து பீப் சத்தம் வரும் நிலைக்குத் திருப்பி, விஜிஏ என்ற பழைய வகை மானிட்டர் கேபிளான என் கேபிளின் இரண்டு முனையையும் மேசையில் வைத்தார். விஜிஏவில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் 15 பின். ஒன்று, இரண்டு, மூன்று என்ற பின்களில் ஊசியை வைத்தார், ஒவ்வொன்றுக்கும் பீப். அது சிவப்பு, பச்சை, நீலம். 13, 14-ல் பீப், அது படத்தை அகலத்திலும் உயரத்திலும் நிறுத்தும் சிக்னல். 12-ல் வைத்தார், சத்தமில்லை. 15, சத்தமில்லை. திரும்ப அழுத்தி வைத்தார், அப்போதும் இல்லை. பின் வெளியே பளபளவென்று இருக்கிறது, உள்ளே கம்பியே கிடையாது. விலை குறைக்கக் கம்பியை மிச்சம் பிடித்த கேபிள்.

அந்த 12-ம் 15-ம் வழியாகத்தான் மானிட்டர் தன்னைப் பற்றிய 128 பைட் குறிப்பு ஒன்றை கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஈடிஐடி என்பார்கள். நான் இன்ன கம்பெனி, என் அளவு இவ்வளவு, எனக்குப் பொருத்தமான ரெசல்யூஷன் இது என்று. பயோடேட்டா இல்லாமல் வந்த வரன் மாதிரி, அது வராவிட்டால் லினக்ஸ் கர்னல் எதையும் ஊகிக்காது, எந்தத் திரையிலும் பயமில்லாமல் காட்டக்கூடிய 1024×768 வரை மட்டும் பட்டியல் கொடுத்துவிட்டு நின்றுகொள்ளும். படம் வருவதற்கு வண்ணக் கம்பிகளும் 13, 14-ம் போதும் என்பதால் திரை ஓடிக்கொண்டே இருக்கும், கேபிள் மேல் யாருக்கும் சந்தேகமே வராது. இதைக் கண்ணாலேயே காட்டினார்: சிஸ் அடைவுக்குள் டிஆர்எம் என்ற இடத்தில் விஜிஏ-1 என்பதற்குள் ஈடிஐடி என்று ஒரு ஃபைல் இருக்கிறது, அதைப் படித்து எத்தனை பைட் என்று எண்ணச் சொன்னால் என் கேபிளில் 0, அவர் கேபிளில் 128. வீட்டில் செய்து பார்ப்பவர்கள் கவனிக்க: சும்மா ஃபைல் பட்டியல் போட்டால் எப்போதுமே 0 என்றுதான் காட்டும், ஃபைலைப் படித்துத்தான் எண்ண வேண்டும்.

அப்புறம்தான் எனக்கு உறைத்த கேள்வியை அவரே கேட்டார். கேபிள் பழசு, கம்பி முதலிலிருந்தே இல்லை, அப்படியென்றால் மின்ட் 20-ல் இத்தனை காலம் 1920 எப்படி வந்தது?

என் டிஸ்கிலிருந்து பூட் செய்து, ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல் எச் அழுத்தி மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டினார். புள்ளி வைத்து எக்ஸ்புரொஃபைல் என்று ஒன்று. திறந்தால் மூன்று வரி. இந்த மெஷினில் முதன்முதலில் லினக்ஸ் போட்டுத் தந்தது என் சித்தி மகன், இப்போது குவைத்தில் இருக்கிறான். அன்றைக்கே இந்த 1024 தொந்தரவு அவனுக்கும் வந்திருக்கிறது. சிவிடி என்ற கட்டளையில் 1920 1080 என்று கொடுத்தால் 173 மெகாஹெர்ட்ஸ் என்று தொடங்கி ஒரு நீள வரி கிடைக்கும், அதை எக்ஸ்ரேண்டர் என்ற, திரை அளவை மாற்றும் கருவியிடம் புது மோடாகக் கொடுத்து, விஜிஏ1 என்ற அவுட்புட்டில் சேர்த்து, அதையே போடு என்று எழுதி வைத்திருக்கிறான். லாகின் செய்யும் ஒவ்வொரு முறையும் அது ஓடியிருக்கிறது. கேபிளின் ஊமைத்தனம் அதில் மறைந்துபோய்விட்டது.

இப்போது ஏன் ஓடவில்லை? எரர் எழுதப்படும் ஃபைலைத் திறந்து தேடினார், விஜிஏ1 என்ற அவுட்புட்டைக் காணோம் என்று எக்ஸ்ரேண்டர் புலம்பிய வரி இருந்தது. பக்கத்து ஜன்னலில் எக்ஸ்ரேண்டரைச் சும்மா ஓடவிட்டார், அங்கே பெயர் விஜிஏ-1. நடுவில் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கோட்டின் கதையையும் சொன்னார். சித்தி மகன் மின்ட் 20-ல் வீடியோ பார்க்கும்போது படம் குறுக்கே கிழிவதைத் தடுக்க இன்டெலின் பழைய தனி டிரைவரைப் போட்டு, டியர்ஃப்ரீ என்று ஒரு வரி எழுதியிருப்பான், அப்போது எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அந்த டிரைவர் அவுட்புட்டுகளுக்குக் கோடில்லாமல் விஜிஏ1, எச்டிஎம்ஐ1 என்று பெயர் வைக்கும். அந்த வரி இருந்தது ரூட் பார்ட்டிஷனில், எக்ஸ்11 ஃபோல்டருக்குள். நான் ரூட்டை ஃபார்மட் செய்ததும் அது போய்விட்டது. இப்போதைய மின்ட் எதையும் எழுதாவிட்டால் மோட்செட்டிங் என்ற பொது டிரைவரை எடுத்துக்கொள்ளும், அது கோடு போட்டு விஜிஏ-1 என்று பெயர் வைக்கும். ஹோமில் இருந்த மூன்று வரி மட்டும் தப்பிப் பிழைத்து, இல்லாத ஒரு பெயரைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

ஆக மின்ட் 22 மேல் குற்றமே இல்லை. இதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது, ஏனென்றால் நாகர்கோவில் கடையின் பேச்சை நம்பியிருந்தால் நான் புது மானிட்டரும் வாங்கி, அதே பழைய கேபிளை அதிலும் மாட்டி, அதிலும் 1024-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

சரி, என்ன செய்து கொடுத்தார்? எல்லாக் கம்பியும் உள்ள விஜிஏ கேபிள் ஒன்று, மாட்டும் முன் அதையும் பீப் சத்தம் கேட்டே கொடுத்தார். எக்ஸ்புரொஃபைலில் இருந்த மூன்று வரிக்கும் முன்னால் ஒரு ஹேஷ் போட்டு முடக்கினார், அழிக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் என்ன குறை, எந்த ஃபைல், எந்த வரி என்று தமிழில் பேனாவால் எழுதித் தேதி போட்டுக் கொடுத்தார். பார்க்க 200, கேபிள் 250. பில் கேட்டால் தருவார், கேட்காவிட்டால் அந்தக் காகிதம்தான் பில்.

எனக்கு இதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து உண்டு. என் போர்டில் டிவிஐ இருக்கிறது, மானிட்டரில் எச்டிஎம்ஐ இருக்கிறது, டிவிஐ-எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று போட்டால் விஜிஏவையே தூக்கி எறிந்துவிடலாம், தமிழ் எழுத்தின் சுழியெல்லாம் இன்னும் கூர்மையாகத் தெரியும். அதை அவர் கடைசியில்தான் சொன்னார், ‘இப்ப அவசரமில்ல, விஜிஏயில ஓடுறது ஓடட்டும்’ என்றார். வாடிக்கையாளர் காசை மிச்சம் பிடிப்பது நல்ல குணம்தான், ஆனால் நாள் முழுக்க எழுத்தையே உற்றுப் பார்க்கிற டிடிபிகாரனிடம் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நானே பிறகு தனியாக வாங்கிப் போட்டேன். எட்டு பாயின்ட் எழுத்தில் ‘ணு’வும் ‘னு’வும் இப்போது தள்ளி உட்கார்ந்து பார்த்தாலே பிரிந்து தெரிகிறது.

காத்திருக்கும்போது பார்த்த மற்ற கேஸ்களையும் எழுதுகிறேன், யாருக்காவது உதவும். களியக்காவிளையிலிருந்து ஒருவர் என்விடியா ஜிடி 610 கார்டு போட்ட மெஷினைக் கொண்டுவந்திருந்தார். புது உபுண்டு போட்டபிறகு பழைய டிரைவர் ஏறவில்லை. அந்தத் தலைமுறைக் கார்டுக்கு 390 வரிசை டிரைவர்தான் கடைசி, அதற்கு என்விடியாவின் ஆதரவு 2022-ஓடு முடிந்துவிட்டது, புதுக் கர்னல்களோடு அது ஒத்துப்போகாது. அண்ணன் டிரைவரோடு மல்லுக்கட்டவே இல்லை. “சவத்த கழத்தி வச்சிட்டு போர்டுல உள்ள கிராபிக்ஸ்லயே ஓட்டுங்க” என்று கார்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். வந்தவருக்கு மனசு வரவில்லை, காசு கொடுத்து வாங்கின கார்டு, ஆனால் திரை என்னவோ பளிச்சென்று வந்துவிட்டது.

இன்னொருவர் ரிட்டயர்டு வாத்தியார், உபுண்டு 24.04 லேப்டாப், வெளியே ஒரு பழைய புரொஜெக்டர் மாட்டணும். வீடியோ பார்த்து எக்ஸ்ரேண்டர் கட்டளையெல்லாம் அடித்திருக்கிறார், எதுவும் கேட்கவில்லை. உபுண்டு இப்போது வழக்கமாக, திரையில் படம் காட்டும் புது ஏற்பாடான வேலாண்டில் ஓடுகிறது, அங்கே எக்ஸ்ரேண்டரால் புது மோடு சேர்க்க முடியாது, அது அதற்கு முந்தைய ஏற்பாடான எக்ஸோர்க் காலத்துக் கருவி. லாக் அவுட் செய்து, பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் வலது கீழ் மூலையில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி எக்ஸோர்க்கைத் தேர்ந்தெடுத்தால் வேலை செய்யும். ஆனால் உபுண்டு 25.10-லிருந்து அந்த வழியையே எடுத்துவிட்டார்கள், அதனால் அண்ணன் லினக்ஸை பூட் செய்து வைக்கும் க்ரப் என்பதன் அமைப்பில் கர்னலுக்கே வீடியோ என்று போட்டு, அவுட்புட் பெயர், ரெசல்யூஷன், 60 என்று எழுதி அப்டேட் க்ரப் ஓட்டிக் கொடுத்தார். அது எதில் போனாலும் பிடிக்கும். அவுட்புட் பெயரைக் கோட்டோடு சரியாக எழுதணும் என்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வாத்தியாருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று லேப்டாப் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்திருந்தார், எல்லாம் மங்கலாக, ஓரம் கரைந்த மாதிரி. அதற்குத்தான் அண்ணன் கொஞ்சம் சூடாகிவிட்டார். “சாரே, எழுத்து பெருசாகணும்னா எழுத்தப் பெருசாக்கணும், திரையக் குறைக்கப்பிடாது” என்று எழுத்து அளவு பெருக்கத்தை 1.25 என்று வைத்து, ரெசல்யூஷனைப் பழையபடி மேலே ஏற்றினார். எழுத்து பெரிதாகவும் ஆனது, கூர்மையாகவும் ஆனது. எனக்குத் தெரிந்து இந்த ஒரு விஷயம் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் பாதிப் பேருக்குத் தேவைப்படும். மின்டில் இது எழுத்துரு அமைப்பில் இருக்கிறது.

1366×768 திரை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிவிடியிடம் 1366 என்று கொடுத்தால் 1368 என்று திருப்பித் தரும், அது தவறில்லை, எட்டால் வகுபடும் அகலத்தைத்தான் அது கணக்குப் போடும். இரண்டு பிக்சல் கூடுதலாக இருப்பதால் சில மானிட்டரில் ஓரம் லேசாக மறையும், மானிட்டரின் ஆட்டோ பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஈடிஐடி ஒழுங்காக வருகிற கேபிள் இருந்தால் இந்த வேலையே தேவைப்படாது என்பது வேறு விஷயம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். போன் எடுக்க மாட்டார். இது சின்னக் குறை இல்லை, கொல்லங்கோட்டிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ சிபியுவைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் என்ன செய்வான்? மத்தியானம் சாப்பிடப் போனால் எப்போது வருவார் என்று பக்கத்து டீக்கடைக்கும் தெரியாது. அந்த டீக்கடையில் பழம்பொரி நன்றாக இருக்கும், நேரம் போகும், அது மட்டும்தான் ஆறுதல். வீட்டுக்கு வந்து பார்க்க மாட்டார். ஆரம்பித்தால் விளக்கம் நிற்காது. எனக்குப் பிடித்தது, ஆனால் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் கையில் பிள்ளையோடு அரை மணி நேரம் நின்றார், அவருக்கு வேண்டியது ஒரு சார்ஜர். அவரை முதலில் அனுப்பியிருக்கலாம். இதற்காக ஐந்தில் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

போகிறவர்கள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிப் பதில் வந்தபிறகு போங்கள். கேபிள், கன்வர்ட்டர், வீட்டில் எது மாட்டியிருக்கிறதோ எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வர்ட்டர்களிலும் இதே ஈடிஐடி கோளாறு வரும் என்றார். லாகின் பாஸ்வேர்டு தெரிந்த ஆளே நேரில் போவது நல்லது, அவர் பாஸ்வேர்டைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள மாட்டார், உங்களையே அடிக்கச் சொல்வார். ஜிபே உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பிரிண்டர் வேலை எடுக்க மாட்டார், கெஞ்சினாலும் எடுக்க மாட்டார்.